கொப்பி டிஸ்ப்ளே

நிஸார் என் கைப்பேசிக்குப் புதுத் திரை போட்டு, துடைத்துத் திருப்பித் தந்தபோது அது புத்தம்புதிதாக இருந்தது. பதுளை பஸாரில், பஸ் நிலையத்துக்குப் போகும் பக்கம், ஒரு செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய ஒடுக்கமான கடை. வெளியே தூறல். உள்ளே ஈரக் குடைகளின் வாடையும் ஈயம் உருகும் வாடையும் கலந்து கிடந்தன.

“பாருங்க மிஸ், கீறல் ஒண்டும் இல்ல.”

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்கு ஓர் அழைப்பு எடுத்துப் பார்த்திருப்பார்கள். நான் என்னுடைய நிறப் பரிசோதனையைத் திறந்தேன். தொழில் புத்தி போகாது. நான் உருவாக்கிய பரிசோதனை அது. நிறப் பார்வையில் குறை இருக்கிறதா என்று கைப்பேசித் திரையிலேயே பார்த்துச் சொல்லிவிடும்.

சாம்பல், பச்சை, செம்மண் நிறப் புள்ளிகள் நிறைந்த ஒரு வட்டம் வந்தது. அதற்குள் ஒரு குடை ஒளிந்திருக்கும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் கண்ணுக்கு மட்டும் அது மெல்லத் தென்படும். எத்தனையோ ஆயிரம் தடவை அதைப் பார்த்தவள் நான். அன்றைக்கு அந்தக் குடை வெளியே துருத்திக்கொண்டு நின்றது. சுற்றியிருந்த புள்ளிகளைவிடக் கறுப்பாக இருந்தது. கண்ணை நன்றாக இடுக்கிப் பார்த்தேன். நிறங்கள் எல்லாம் மங்கின, குடை மட்டும் மறையவில்லை.

“நிஸார், இது என்ன டிஸ்ப்ளே?”

“கொப்பி மிஸ். ஆனா நல்ல கொப்பி.”

“ஒரிஜினல் இல்லையா?”

“ஒரிஜினலும் இரிக்கி. கொழும்புக்குச் சொல்லி எடுக்கணும். அந்த வெலைக்கு நீங்க வேற போனே வாங்கலாம். ஆரும் கேக்குறதில்ல.”

“தோட்டத்து ஆட்கள் என்ன செய்றாங்க?”

நிஸார் சிரித்தார். “தோட்டத்துல ஒரிஜினல் டிஸ்ப்ளேயோட ஒரு போன் இருந்தாக் கொண்டாங்க மிஸ், நானும் பாக்கணும். மலையில விழுது, தண்ணி புடிக்கிற பீலிக்கரையில விழுது, புள்ளைகள் போட்டு ஒடைக்குது. நாங்க மாத்திக் குடுக்குறம்.”

அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என்னை நம்பி அந்தப் பரிசோதனையைச் செய்த ஜூட்டின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

கண் டொக்டரா, டீவி மெக்கானிக்கா?

இந்தத் தொடரின் போன வாரத்து அத்தியாயத்தைப் படித்த ஒரு வாசகி, ‘நீங்கள் கண் டொக்டரா, டீவி மெக்கானிக்கா?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. என் அம்மா சாகும்வரை இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் இல்லை என்று சொன்னால், “பெறகு எதுக்கும்மா இவ்வளவு படிச்ச?” என்பார்.

பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நான். எங்கள் தோட்டத்துக்கு முதலில் வந்த கலர் டீவியை உத்தியோகத்தர்களின் கிளப்பில் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது காவல்காரர் கண் அசந்தால் நாங்கள் உள்ளே நுழைந்துவிடுவோம். ஒருநாள் மழையில் நனைந்த தலையோடு திரைக்கு மிகக் கிட்டப் போய் நின்றேன். என் முடியிலிருந்து ஒரு துளி கண்ணாடியில் சொட்டியது.

அந்தத் துளிக்குள் புள்ளிகள் பெரிதாகத் தெரிந்தன. சிவப்பு, பச்சை, நீலம். மூன்றே மூன்றுதான். திரையில் ஒரு பெண் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு நின்றாள், துளிக்குள் மஞ்சளே இல்லை. பக்கத்தில் நின்றவளைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் காவல்காரர் வந்து என் காதைத் திருகிவிட்டார்.

மஞ்சள் எங்கே போனது என்று அன்று வலித்த காதோடு நான் கேட்ட கேள்விக்கே பிறகு சம்பளமும் கொடுத்தார்கள். நம் கண்ணுக்குள் மூன்று வகை உணரிகள் இருக்கின்றன. திரை அந்த மூன்றையும் அளவாகத் தூண்டி, இல்லாத மஞ்சளை இருப்பதாகக் காட்டிவிடுகிறது. சிலருக்கு அந்த மூன்றில் ஒன்று இருக்காது, அல்லது சற்றே வேறு நிறத்துக்கு இசைந்திருக்கும். அவர்களுக்குச் சில சிவப்பும் சில பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். பெரும்பாலும் ஆண்களுக்கு வருவது. நோயும் இல்லை, மருந்தும் இல்லை.

வெளிநாட்டில், ஓயாமல் மழை பெய்யும் ஒரு நகரத்தில், கறுப்புச் சுவர் வைத்த அறைக்குள் பல வருடம் இருந்தேன். திரைக்கு முன் ஆட்களை உட்காரவைத்து, இரண்டு நிறத்தைக் காட்டி, “ஒன்றா, வேறா?” என்று கேட்பதுதான் வேலை. நாள் முழுக்க அதே கேள்வி. சாயங்காலம் வெளியே வந்தால் தெருவிலுள்ள நிறங்களைப் பார்க்கவே அலுப்பாக இருக்கும்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் அந்த அலுப்போடுதான். ஆனால் கையில் ஒரு காரியம் வைத்திருந்தேன்.

பெயர் சரிதான்

நிறப் பரிசோதனைக்கு அச்சடித்த புத்தகங்கள் உண்டு, புள்ளிகளுக்குள் இலக்கம் ஒளிந்திருக்கும். நான் இலக்கத்தை எடுத்துவிட்டுக் குடை, மீன், சாவி, கொழுந்துக் கூடை என்று வைத்தேன். வாசிக்கத் தெரியாதவரும் சொல்லலாம். புத்தகமும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு அலையவும் வேண்டாம், கையிலுள்ள போனே போதும் என்று மேடைகளில் பேசினேன். கை தட்டினார்கள்.

ஒவ்வொரு வகைக் கைப்பேசியும் நிறத்தை ஒவ்வொரு மாதிரிக் காட்டும். அதற்கும் வழி வைத்திருந்தேன். நூற்றுக்கணக்கான மாடல்களை ஆய்வுகூடத்தில் அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்தம் எழுதினேன். போன் தன் மாடல் பெயரைச் சொல்லும், என் மென்பொருள் அந்தப் பெயருக்குரிய திருத்தத்தைப் போடும். பெயர் சரியாகத்தான் இருந்தது. மேலே ஒட்டியிருந்த திரைதான் வேறு.

ஆய்வுகூடத்துப் போன்கள் பெட்டியிலிருந்து நேராக வந்தவை. அவற்றில் ஒன்றும் பீலிக்கரையில் விழுந்ததில்லை.

கொப்பித் திரையில் சிவப்பு வேறு சிவப்பு, வெளிச்சம் வேறு வெளிச்சம். நிறத்தால் மட்டும் வேறுபட வேண்டிய குடை அதில் இருட்டாலும் வேறுபட்டு நிற்கும். நிறம் தெரியாதவரும் அந்த இருட்டைப் பார்த்து ‘குடை’ என்று சொல்லிவிடுவார். பரிசோதனை அவருக்குப் பச்சை அடையாளம் போட்டு, ‘உங்கள் நிறப் பார்வை இயல்பானது’ என்று எழுதிக் காட்டும்.

ஹல்துமுல்லையில் ஒரு தேவாலய மண்டபத்தில், ஆட்கள் வரிசையாக நின்று தங்கள் தங்கள் போனிலேயே பார்த்துக்கொண்டு போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வரிசையில் வந்த முக்கால்வாசிப் போன்களை நிஸார் மாதிரி ஒருவர் திறந்து மூடியிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூட்

பிலோமினா எங்கள் லயத்தில் இரண்டு காம்பரா, அதாவது இரண்டு அறை, தள்ளிப் பிறந்தவள். என்னைவிட இளையவள், என்னை ரோசக்கா என்பாள். இன்னும் கொழுந்து எடுக்கிறாள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் ஜூட், கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் வேலை செய்துகொண்டே படித்தான். என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவான்.

அவனுக்கு ரயில் ஓட்ட வேண்டும். பதுளையில் தண்டவாளம் முடிகிற இடத்தைச் சின்ன வயதில் பார்த்த நாளிலிருந்து அந்த ஆசை. உதவிச் சாரதி வேலைக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன் என் பரிசோதனையைத் தன் போனில் செய்து பார்த்தான். இயல்பானது என்று வந்தது. எழுத்துப் பரீட்சையிலும் தேறினான். மருத்துவப் பரிசோதனையில், நிறம் பார்க்கும் இடத்தில், விழுத்திவிட்டார்கள்.

கூடவே ஒரு கடிதமும் வந்தது. சாரதி வேலை தர முடியாது, களஞ்சியப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, இரண்டு வாரத்துக்குள் சம்மதம் சொல்லவும் என்று.

ஜூட் என்னை அழைத்துக் கேட்டான். “எடுக்கவா பெரியம்மா?”

எனக்கு மூக்கு நுனியில் கோபம். தோட்டத்துப் பிள்ளை என்றால் இப்படித்தான் ஒரு மூலையில் தள்ளுவார்கள் என்று நினைத்தேன். அப்படி நடந்ததைப் பார்த்து வளர்ந்தவள், நினைத்ததில் அதிசயமில்லை. ஆனால் சரிபார்த்திருக்க வேண்டும். நான் செய்தது, “இன்னொருக்கா அந்த டெஸ்டைச் செஞ்சு அனுப்பு” என்றதுதான். அதே போனில் செய்து அனுப்பினான். மறுபடி இயல்பானது.

“எடுக்காதே. மேன்முறையீடு செய், நான் கடிதம் தாறேன்,” என்றேன்.

என் பட்டங்களையெல்லாம் பெயருக்குப் பின்னால் கோத்து, நல்ல காரமாக ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு வாரம் போனது. களஞ்சிய வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். மேன்முறையீட்டுக்கு விசாரணை நாள் குறித்துப் பதில் வந்தது. பிலோமினா மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றினாள்.

இந்த நிலையில்தான் என் போன் கீழே விழுந்து, நான் நிஸாரின் முக்காலியில் போய் உட்கார்ந்தேன்.

ரெண்டு தரம்

கடையிலிருந்தே ஜூட்டை அழைத்தேன். விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்திருந்தான்.

“ஒன் போன் ஸ்கிரீனை எப்பவாவது மாத்தினியா?”

“ரெண்டு தரம் மாத்தினேன் பெரியம்மா. ஏன்?”

“சும்மாதான்,” என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தச் ‘சும்மாதான்’ இன்றைக்கும் நாக்கில் கசக்கிறது.

நிஸார் தன்னிடமிருந்த கொப்பித் திரைகளில் நாலைந்தைக் கடனாகத் தந்தார். வீட்டில் நிறம் அளக்கும் கருவியை வைத்து அளந்தேன். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஒரே மாடலுக்கான இரண்டு திரைகூட ஒன்றுபோல இல்லை. இதற்குத் திருத்தம் எழுத முடியாது. இத்தனை வருட வேலை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அடங்கிக் கிடந்தது. அழுகை வரவில்லை, தூக்கம் மாதிரி ஒரு சோர்வுதான் வந்தது.

வாசல் வெளிச்சம்

அச்சுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு பண்டாரவளை போய், அங்கிருந்து பூனாகலை பஸ் பிடித்தேன். லயத்துக்குப் போய்ச் சேரும்போது பிலோமினா மலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். பிளேன்டீ ஊற்றித் தந்தாள். நான் வந்த காரியம் தெரியாமல், விசாரணைக்கு ஜூட் எந்தச் சட்டை போடுவது என்று கேட்டாள்.

ஜூட்டை வாசல் வெளிச்சத்துக்கு அழைத்து உட்காரவைத்தேன். புத்தகத்தை விரித்தேன்.

முதல் பக்கத்தில் இலக்கம் சொன்னான். அது எல்லோருக்கும் தெரியும் பக்கம். இரண்டாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மூன்றாவது, நான்காவது. விரலால் தடவிப் பார்த்தான்.

“இதுல என்னமும் இருக்கா பெரியம்மா?”

“இருக்கு.”

பிலோமினா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துப் பதறிவிட்டாள். “ஏழு இருக்கேடா! நல்லாப் பாரு, ஏழு!”

அவன் அம்மாவைப் பார்த்தான், பிறகு என்னை. நான் திரைகளைப் பற்றிச் சொன்னேன். கொப்பியைப் பற்றியும், அளந்து பார்த்ததைப் பற்றியும். சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு வகுப்பில் பாடம் எடுப்பதுபோலக் கேட்டது. அதனால் நிறுத்திவிட்டு, “உனக்குச் செவப்பும் பச்சையும் சரியாப் பிரியாதுப்பா. அவங்க சொன்னதுதான் சரி,” என்றேன்.

“பழுத்த மொளகா பறிச்சிட்டு வாடான்னா பச்சையையும் சேத்துக் கொண்டாருவான்,” என்றாள் பிலோமினா மெதுவாக. “சோம்பேறின்னு அடிச்சிருக்கேன்.”

ஜூட் புத்தகத்தை மூடினான். “எனக்குச் சந்தேகம் இருந்திச்சு பெரியம்மா. கடையில கலர் வயர் எடுக்கச் சொன்னாப் பக்கத்துல இருக்கவங்கள்ட்டக் கேட்டுத்தான் எடுப்பேன். அதான் ஒங்க டெஸ்ட செஞ்சு பாத்தேன். சரின்னு வந்துச்சு. எங் கண்ண நான் நம்பல, ஒங்களத்தான் நம்புனேன்.”

நான் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

பிலோமினா என் கையைப் பிடித்தாள். “அக்கா, நீங்க அனுப்புன கடுதாசி அங்க கெடக்கட்டும். நீங்க எழுதினா எடுத்துக்குவாங்க. அவன் கவனமா ஓட்டுவான். கூட ஒருத்தர் இருப்பாருல்ல?”

“செவப்பு விளக்கு எரியும்போது இவனுக்குத் தெரியாமப் போனா?”

“நம்ம புள்ளக்கா.”

“ரயில்ல இருக்கிறதும் யாரோட புள்ளையாவதுதானே, பிலோமினா.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். இந்தக் குறை தாய் வழியாகப் பிள்ளைக்கு வருவது என்பதை அன்று நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

யாரோட பிழை

என் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில் பெயர்த்துக்கொள்ளலாம் என்று. ஜூட் வாங்கி வாசித்தான். ‘பரிசோதனையின்போது ஏற்பட்ட ஒரு தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தான்.

“இது யாரோட பிழைன்னு இல்லியே பெரியம்மா. இத வாசிச்சா நாந்தான் ஏதோ கள்ள வேலை செஞ்சு பாஸாகினேன்னு நெனப்பாங்க. நான் பொய் சொல்லல்லதானே?”

“இல்லப்பா.”

“அப்ப அத எழுதுங்க.”

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். ‘இந்த இளைஞர் எதையும் மறைக்கவில்லை. பிழையான பரிசோதனையைத் தந்தவள் நான். களஞ்சிய வேலையை ஏற்க வேண்டாம் என்று சொன்னவளும் நானே.’ வாழ்நாளில் எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருக்கிறேன், இப்படி மூன்று வரி எழுதியதில்லை. ஜூட் வாசித்துத் தலையாட்டினான். பிறகு எழுந்து பீலிப் பக்கம் போய்விட்டான்.

கடிதம் போனது. களஞ்சிய வேலை திரும்பி வரவில்லை. ஜூட் மறுபடி அதே இரும்புக் கடையில் நிற்கிறான். பரிசோதனையை நான் நிறுத்திவிட்டேன். இப்போது புத்தகத்தோடு, முன்பு ‘இயல்பானது’ என்று சொல்லி அனுப்பியவர்களைத் தேடி லயம் லயமாக நடக்கிறேன். முழங்கால் வலிக்கிறது. சிலர் சிரிக்கிறார்கள், சிலர் கதவைத் திறப்பதில்லை. ஹல்துமுல்லையில் ஒருவர், “போன தரம் நல்லாருக்குன்னீங்க, இந்தத் தரம் நல்லால்லங்கறீங்க, அடுத்த தரம் வந்து என்ன சொல்லுவீங்க?” என்று கேட்டார்.

ஆனால் நான் முடிக்க வேண்டியது அன்றைய சாயங்காலத்தைத்தான்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பிலோமினா வருவாள் என்று நினைக்கவில்லை, சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே வந்தாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தைத் தாண்டி ரோட்டுக்கு வந்தோம். பஸ் வளைவில் இரைவது கேட்டது. அப்போதுதான் வாயைத் திறந்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

“ஒங்களோட அந்த ஊர்ல வேல செஞ்சவங்க வெளியாளுங்க, அவங்களுக்குத் தெரியாது. நீங்க இந்த லயத்துல பொறந்தவங்கதானே ரோசக்கா. நம்மகிட்ட இருக்கிறதெல்லாம் ஒடஞ்சு ஒட்டுப்போட்டதுன்னு ஒங்களுக்குமா தெரியல?”

பஸ் வந்து நின்றது. நான் ஏறினேன்.